பெட்டியில் அகப்பட்ட நியூட்டன்

நியூட்டனைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் கெயின்ஸின் வாக்கியம் ஒன்று வந்து விழுந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ்தான். நாம் நினைக்கிற மாதிரி நியூட்டன் பகுத்தறிவு யுகத்தைத் தொடங்கிவைத்தவர் இல்லை, பழைய மந்திரவாதிப் பரம்பரையின் கடைசி வாரிசு என்று சொல்லும் வாக்கியம். பாடப்புத்தகத்து நியூட்டனை ஒரே அடியில் சாய்த்துவிடுகிற இந்தக் கருத்து வருவது ‘நியூட்டன் என்ற மனிதர்’ என்ற சின்ன உரையில். நியூட்டனின் முந்நூறாவது பிறந்தநாள் 1942-ல் வந்தது. போர் நடந்துகொண்டிருந்ததால் விழாவை 1946 ஜூலைக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் ஏப்ரலிலேயே கெயின்ஸ் இறந்துவிட்டார். அவர் எழுதிவைத்ததைத் தம்பி ஜெஃப்ரி விழாவில் வாசித்தார்.

எத்தனை தரம் படித்தாலும் சலிக்காத உரைநடை. ஒரு பிரச்சினையை மணிக்கணக்கில், நாள்கணக்கில் மனசுக்குள் வைத்துக்கொண்டே இருக்கும் நியூட்டனின் சக்தியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியை மிஞ்சி இன்னொன்றை நான் படித்ததில்லை. என் புகார் வேறு. இது ஒரு சேகரிப்பாளர் எழுதிய கட்டுரை. நாம் இதை வரலாற்றாசிரியர் எழுதியதாக நினைத்து எண்பது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாள்களின் கதையைச் சொன்னால்தான் இது புரியும். 1727-ல் நியூட்டன் உயில் எழுதாமல் இறந்துபோனார். கைப்படப் பல லட்சம் சொற்கள் எழுதிக் குவித்திருந்தார். அதெல்லாம் மருமகள் கேதரினின் குடும்பத்துக்குப் போய், அங்கிருந்து கல்யாண உறவு வழியாகப் போர்ட்ஸ்மத் பிரபுக்களின் மாளிகைக்குப் போனது. 1872-ல் ஐந்தாம் பிரபு, அறிவியல் தாள்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். எது அறிவியல், எது இல்லை என்று பிரிக்க ஒரு குழு உட்கார்ந்தது. நெப்டியூன் இருக்குமிடத்தைக் கணக்குப் போட்டுச் சொன்ன ஆடம்ஸ், இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். அட்டவணை 1888-ல்தான் வெளியானது, ஆக பதினாறு வருஷம்! கணிதமும் இயற்பியலும் பல்கலைக்கழகத்துக்கு. ரசவாதமும் இறையியலும் பெரும்பாலும் வீட்டுக்கே திரும்பின. ஆனால் நியூட்டன் உலையும் மூசையும் வைத்துச் செய்த சோதனைகளை, எடையும் தேதியுமாகக் குறித்துவைத்த ஆய்வகக் குறிப்பேடுகளை மட்டும் குழு தன்னிடமே வைத்துக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போன தாள்களைப் பிரபுவின் வாரிசு 1936 ஜூலையில் லண்டன் சதபீஸ் நிறுவனத்தில் ஏலம் விட்டார். முந்நூறுக்கு மேற்பட்ட தொகுதிகளாகக் கூறுபோட்டு விற்றார்கள். மொத்த வசூல் 9,000 பவுண்டைக் கொஞ்சம் தாண்டியது. கெயின்ஸ் ஏலத்திலேயே கொஞ்சம் வாங்கினார். தாள்கள் இப்படிச் சிதறிப்போவதைப் பொறுக்கமாட்டாமல், பிறகு வியாபாரிகளிடம் தேடித்தேடி வாங்கினார். இதே வேட்டையில் இன்னொருவரும் இருந்தார்: ஜெருசலேமில் பிறந்த யூத அறிஞர் ஆபிரகாம் யகூதா. அவருக்கு இறையியல் தாள்கள் வேண்டும், இவருக்கு ரசவாதம் வேண்டும். இருவரும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள், நாம் பள்ளிக்கூடத்தில் தபால்தலை மாற்றிக்கொண்ட மாதிரி. கெயின்ஸின் பங்கு கிங்ஸ் கல்லூரிக்குப் போனது. யகூதாவின் பங்கு உயில் வழக்கெல்லாம் முடிந்து, 1969-ல் ஜெருசலேம் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது கெயின்ஸின் கட்டுரையைத் திறந்து பாருங்கள். ரசவாதத் தாள்களில் பெரும்பகுதி பிறர் நூல்களிலிருந்து நியூட்டன் எழுதியெடுத்த பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் என்று அவரே சொல்கிறார். சோதனைக் குறிப்புகளும் நிறைய இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். லட்சம் சொல்லாவது இருக்கும், மேலோட்டமாகப் பார்த்தேன் என்றும் மறைக்காமல் எழுதுகிறார். அடுத்த மூச்சிலேயே, இதெல்லாம் முழுக்க மந்திரம், அறிவியல் மதிப்பு துளியும் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். மேலோட்டமாகப் பார்த்தவருக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது?

கையெழுத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். ஏலத்தில் விலை போவது கருத்து இல்லை, கை. நியூட்டன் யோசித்து எழுதிய பக்கமாக இருந்தாலும், யாரோ எழுதிய ரசவாதப் பாட்டைப் படியெடுத்த பக்கமாக இருந்தாலும், நியூட்டனின் கைப்பட இருந்தால் அது நியூட்டன்தான். வாங்குகிறவருக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் அதே கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மனசை அளக்க முடியாது. நியூட்டன் கண்டதையெல்லாம் எழுதியெடுக்கிற ஆள். பரீட்சைக்குப் படிக்கிற பையனின் நோட்டில் இருப்பதெல்லாம் அவன் நம்பிக்கை என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு ஆதாரம் தேடி வெளியே போகவே வேண்டாம், கெயின்ஸ் விட்டுச்சென்ற தொகுப்பிலேயே இருக்கிறது. ரசவாத நூல்களுக்கு நியூட்டன் தயாரித்த ‘இண்டெக்ஸ் கெமிக்கஸ்’ என்ற பொருளடைவு அது. நூறு பக்கத்துக்கு மேல், ஏறக்குறைய 900 தலைப்புகள். எந்தச் சொல்லை எந்த ஆசிரியர் எந்தப் பக்கத்தில் என்ன பொருளில் சொல்கிறார் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார். மந்திரவாதி இப்படிப் பக்க எண் போட்டு உட்கார்ந்திருப்பாரா என்ன! இது ஒரு வாசகரின் வேலை. வேண்டுமென்றே குழப்பி எழுதப்பட்ட நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, என்னதான் சொல்ல வருகிறார்கள் என்று பிடிவாதமாகக் கேட்கிறவரின் வேலை.

அந்தக் கேள்வியை அவர் எங்கே சோதித்துப் பார்த்தார் என்பது நான் நினைவில் வைக்கச் சொன்ன ஆய்வகக் குறிப்பேடுகளில் இருக்கிறது. நூல்களைப் படித்த நியூட்டன் கிங்ஸ் கல்லூரியில், உலை மூட்டிய நியூட்டன் பல்கலைக்கழக நூலகத்தில். ஒரே ஊர், நடந்துபோகிற தூரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஆள் புத்தகத்தில் படித்த செய்முறையை உலையில் போட்டுப் பார்த்து, சரிவரவில்லை என்றால் மறுபடி புத்தகத்துக்குப் போவது தெரியும். இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் நியூமன் செய்தது இதைத்தான். தாள்களைப் படித்ததோடு நிற்காமல், நியூட்டன் எழுதிய கலவைகளில் சிலவற்றை ஆய்வகத்தில் உருக்கியே பார்த்தார். ‘வலை’ என்று நியூட்டன் குறிப்பிடும் பொருள் ஏதோ மறைபொருள் இல்லை, செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்த, மேற்பரப்பில் வலைக்கண் மாதிரி கோடு விழுகிற ஓர் உலோகக் கலவை. அவருடைய ‘ரசவாதி நியூட்டன்’ (2018) கெயின்ஸின் படிமத்தை ஏறக்குறைய கலைத்துப்போட்டுவிட்டது. கெயின்ஸின் உரையில் பத்தில் ஒரு பங்கு அழகுகூட நியூமனின் எழுத்தில் கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்னமும் கெயின்ஸிடமே போகிறார்கள்.

இதற்காகக் கெயின்ஸின் கைங்கரியம் சின்னதாகிவிடாது. அவரும் யகூதாவும் புகுந்திருக்காவிட்டால் நியூமனுக்குப் படிக்க இவ்வளவு கிடைத்திருக்காது. 1888 குழுவின் பிழையை, அறிவியல் இல்லை என்று தோன்றியதைத் திருப்பி அனுப்பிய அந்தப் பிழையை, முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அவர். தமாஷ் என்னவென்றால், குழு போட்ட அதே கோட்டைத்தான் அவரும் ஏற்றுக்கொண்டார். அவர்கள் குப்பை என்றதை இவர் மந்திரம் என்றார், அவ்வளவுதான்.

1998-ல் தொடங்கிய ‘நியூட்டன் திட்டம்’ கேம்பிரிட்ஜ், ஜெருசலேம் என்று பிரிந்து கிடக்கும் தாள்களை எழுத்துப்பெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவருகிறது. யார் பெட்டியில் எது இருந்தது என்பது அங்கே ஒரு அடையாள எண் மட்டும். ஆனால் 1936-ல் விற்ற எல்லாமும் அங்கே இல்லை. சில தொகுதிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. சில அவ்வப்போது ஏலத்தில் தலைகாட்டும். 2020 டிசம்பரில் எகிப்தியப் பிரமிடின் அளவுகளைப் பற்றி நியூட்டன் குறித்த, ஓரம் கருகிய சில தாள்கள் அதே சதபீஸில் விற்பனைக்கு வந்தன. 3,78,000 பவுண்டுக்குப் போயின.