பபூன் கட்டிய ராஜபார்ட்

நகைச்சுவைக்கென்றே பெயர் வாங்கிய நடிகர் ஒருவர், யாரும் எதிர்பாராத ஒருநாள் சங்கீத நாடகத்தின் பிரதான வேஷத்தைத் தரித்துக்கொண்டு, சுருதி பிசகாமல் பாடியவாறே அரங்கத்தினுள் பிரவேசிப்பாரானால், சபையில் முதலில் ஒரு சிரிப்பும், அடுத்த கணத்தில் ஒரு நிசப்தமும், பாட்டு முடிந்ததும் வழக்கத்துக்கு மீறிய கரகோஷமும் எழுவது உலகத்தின் பல மேடைகளிலும் கண்ட காட்சிதான். ‘இவருக்கு இதுவும் வருமா!’ என்ற அந்த வியப்பைப் பத்திரிகை விமர்சகர்களும் தவறாமல் எழுதிவைக்கிறார்கள். ஆனால் நம்முடைய நாடக சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, அந்த நடிகர் பாடியதைக் காட்டிலும் சபையோர் வியந்ததுதான் விசித்திரமாகத் தோன்றும். ஏனெனில் தமிழ் மேடையிலும், அதற்கு உறவுமுறை கொண்ட மராத்தி மேடையிலும், ஹாஸ்ய நடிகர் சங்கீதத்துக்கு அந்நியராக இருந்ததில்லை. அவரைக் கதாநாயக பீடத்திலிருந்து விலக்கிவைத்தவை நாடக நோட்டீஸும், சம்பளப் பட்டியலும், தொண்டையின் கனமுமே.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை இன்றைக்கும் விடிய விடிய நடத்திவரும் ஸ்பெஷல் நாடக மேடையை முதலில் எடுத்துக்கொள்வோம். மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களிலுள்ள நடிகர் சங்கங்களின் வழியாக ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்தி, ஒத்திகை என்ற பேச்சே இல்லாமல், அன்றிரவு கோயில் திடலில் அவர்களை ஒன்றுசேர்த்து நாடகத்தை நடத்திவிடுகிற அபூர்வமான ஏற்பாடு அது. கதாநாயக வேஷமான ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், ஹாஸ்ய வேஷமான பபூன், டான்ஸ் என்று பகுப்புகள் உண்டு. எந்தப் பார்ட்டில் ஒருவர் பெயரெடுத்தாரோ அந்தப் பார்ட்டுக்கே ஊருக்கு ஊர் அழைப்பு வரும். நோட்டீஸில் ராஜபார்ட்டுக்குத்தான் கௌரவமான இடம். ஆயினும் முதலில் மேடைக்கு வந்து, ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுத்து, மிருதங்கக்காரருடன் சவால் பேசி, அங்குமிங்கும் அலைகிற ஜனங்களை உட்காரவைத்து, பாடியும் ஆடியும் இரவின் முற்பகுதியைச் சுமக்கிறவர் பபூனே. அவர் பாட்டில் தெம்மாங்கும் இருக்கும், சினிமா மெட்டும் இருக்கும், ராஜபார்ட்டின் இழுப்பையும் பிருகாக்களையும் பரிகசிக்கும் விருத்தமும் இருக்கும். ஒரு பாட்டைப் பரிகசித்துப் பாட வேண்டுமானால் அதை ஒழுங்காகப் பாடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, சங்கீதத்தில் சிறிதேனும் பழக்கமுள்ளவர்கள் அறிவார்கள்.

இந்த மேடையில் மிக அதிகமாக நடிக்கப்படுகிற ‘வள்ளி திருமண’த்தை ஊன்றிப் பார்த்தால், பபூனுக்கும் ராஜபார்ட்டுக்கும் இடையே எழுப்பியிருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். முருகன் வேடனாக வருகிறவரையில் சிருங்காரமும் தர்க்கமும் நடக்கின்றன. அதற்கப்பால் அதே நாயகன் கிழவனாக, தள்ளாடிக்கொண்டும் இருமிக்கொண்டும் வந்து, தேனும் தினைமாவும் கேட்டுத் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டு, கடைசியில் கல்யாணமும் கேட்கிறான். அந்த விருத்தன் காட்சியில் சிரிப்பு வரவழைக்கத் தெரியாத ராஜபார்ட்டை ஜனங்கள் மன்னிப்பதில்லை. தெய்வமே ஹாஸ்யக்காரனாக வேஷம் போடுகிற ஒரு கதையை நூறு ஆண்டுகளாக ரசித்துவந்த சமூகத்துக்கு, ஹாஸ்யக்காரன் தெய்வ வேஷம் போட்டால் மட்டும் ஏன் திகைப்பு வருகிறது என்பது யோசிக்கத் தக்கது. தெருக்கூத்தின் கட்டியக்காரனையும், கேரளத்துக் கூடியாட்டத்தில் சுலோகத்தைத் தானும் பாடி, அதற்கு மலையாளத்தில் வியாக்கியானமும் செய்து, இரவுக்கணக்கில் மேடையைத் தனியே ஆளுகிற விதூஷகனையும் இங்கே நினைவுகூர்ந்துவிட்டு மேலே செல்லலாம்.

சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் இந்தச் சுவரின் அஸ்திவாரம் எப்படி விழுந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. 1918-இல் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திச் சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அவ்வழியைப் பின்பற்றிப் பல கம்பெனிகள் முளைத்தன. பத்து வயதுப் பையன் ராஜபார்ட்டாக உச்சஸ்தாயியில் பாடிக் கீர்த்தி பெறுவான். பதினைந்து வயதில் தொண்டை உடைந்து மகரக்கட்டு விழுந்ததும் அவனுடைய ராஜ்யம் போய்விடும். பாட்டெல்லாம் மனப்பாடம், தாளம் உடம்பில் ஊறியிருக்கிறது, சாரீரம் மட்டும் கைவிட்டுவிட்டது; அப்படிப்பட்ட பையனுக்கு எஞ்சியிருந்த வழிகளில் ஹாஸ்யமும் ஒன்று. சினிமாவில் அசட்டு வேலைக்காரனாக வந்து ‘சபாபதி’யில் (1941) நாட்டையே சிரிக்கவைத்த காளி என். ரத்தினம், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்து எம்.ஜி.ஆர். உள்ளிட்ட பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் என்பதும், ‘கோவலன்’ நாடகத்தில் காளி வேஷத்தில் நடுங்கவைத்ததால்தான் அவர் பெயருக்கு முன்னால் அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது என்பதும், அவரைத் திரையில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாத செய்திகள். கதாநாயகர்களுக்குப் பாடம் சொன்னவரையே நாம் கதாநாயகனின் வேலைக்காரனாக வைத்துப் பார்த்தோம்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த அவர், நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் காலூன்றி, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில் சேர்ந்தவர். வில்லுப்பாட்டு என்பது எத்தகைய பள்ளிக்கூடம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்: கதை சொல்லுகிறவரே பாடுகிறார், பாடுகிறவரே கேலி பேசுகிறார், கேலி பேசிக்கொண்டே வீசுகோலால் தாளத்தையும் நடத்துகிறார். வசனம் எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று கேட்கிறவனுக்குத் தெரிவதில்லை. கலைவாணரின் பாட்டுகளில் கடைசிவரையில் இருந்த குணம் அதுவே. அவர் திரையிலும் தம் பாட்டைத் தாமே பாடினார்; குரல் பெரிதன்று, சங்கதிகள் அதிகமில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் செய்த ‘கிந்தனார்’ காலட்சேபத்தை என் மதிப்பில் தமிழ் ஹாஸ்யத்தின் சிகரங்களில் ஒன்றாகவே கொள்வேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகச் செய்து கண்ணீர் வரவழைத்த பாகவதர்களின் பாணியை அப்படியே கைக்கொண்டு, சிதம்பர தரிசனத்துக்குப் பதிலாகப் படிப்புக்கு ஏங்குகிற பையன் ஒருவனின் கதையை அதில் அவர் ஏற்றினார். சிப்ளாக்கட்டையும் பின்பாட்டும் பாகவதரின் நெளிவு சுளிவும் எல்லாம் பரிகாசம். பையனின் ஏக்கம் மட்டும் நிஜம். பெரிய சாரீரமுள்ள பாடகர் ஒருவர் அதைப் பாடியிருந்தால் நாம் ராகத்தைப் புகழ்ந்துவிட்டுப் பையனை மறந்திருப்போம்.

இதைச் சொல்லும்போது, ராஜபார்ட்டாகப் பாடிப் பெயரெடுத்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) புகழைக் குறைப்பதாக யாரும் கருதிவிடலாகாது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்திருக்கிற கடைசி மனிதனுக்கும் கேட்கும்படி பாடுவது சாமானிய சாதனையன்று. அன்றைய ராஜபார்ட்டுக்கு அதுவே முதல் தகுதியாகவும் இருந்தது. ஆனால் அதற்கு நாடகம் கொடுத்த விலையும் உண்டு. ‘ஒன்ஸ்மோர்’ என்று சபையோர் கூவியதும் செத்துக் கிடக்கிறவன்கூட எழுந்து பாட வேண்டியிருந்த காலம் அது. கதை நின்றுவிடும், கச்சேரி நடக்கும். ஹாஸ்ய நடிகரோ சாரீரத்தை நம்பிப் பிழைக்கிறவரல்லர். சிரிப்பு எழும் கணத்தை அரை மாத்திரை தவறவிட்டாலும் அவர் பிழைப்பு போய்விடும். ஆகவே லயமே அவருடைய மூலதனம். அப்படிப்பட்டவர் பிரதான வேஷத்தில் பாடும்போது பாட்டு நாடகத்தை நிறுத்துவதில்லை. பாத்திரம் பேச முடியாமற்போன இடத்தில் பாடத் தொடங்குகிறது என்ற உணர்ச்சி உண்டாகிறது. சபையோர் வியப்பது இவருடைய குரலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, பாட்டின் அர்த்தம் திடீரென்று காதில் விழுந்துவிட்டதுதான் அவர்களை அப்படி உலுக்குகிறது என்று தோன்றுகிறது.

மேல்நாட்டிலும் இதற்குச் சாட்சியங்கள் உள்ளன. 1791-இல் வியன்னாவில் மொத்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ அரங்கேறியபோது பறவை பிடிக்கும் பாப்பகேனோவாகப் பாடியவர், அந்நாடகத்தை எழுதிய ஷிக்கனேடர் என்ற ஹாஸ்ய நடிகர். அவர் தொண்டைக்கு அடங்கும்படி எளிய மெட்டுகளாகவே அந்த மேதை அவருக்கு எழுதிக்கொடுத்தார். 1964-இல் நியூயார்க்கில் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ சங்கீத நாடகத்தில், வறுமையும் பெண்களின் கல்யாணக் கவலையும் சூழ்ந்த பால்காரன் டெவியாக நின்ற ஸீரோ மாஸ்டலும் கோமாளித்தனத்துக்குப் பேர்போனவரே. ‘மை ஃபேர் லேடி’யின் (1956) ரெக்ஸ் ஹாரிசன் பாதி பேசிப் பாதி பாடுகிறவர், ஒரு தடவை பாடியதுபோல் மறு தடவை பாடமாட்டார். ஆகையால் அது திரைப்படமானபோது முன்கூட்டிப் பதிவு செய்வது ஒத்துவராமல், கழுத்து டையினுள் கம்பியில்லா மைக்கை மறைத்துவைத்து அவரைப் படப்பிடிப்பிலேயே பாடவிட்டார்கள். தொண்டையின் கனம் என்ற பழைய தடையை மைக் என்ற சிறு கருவி எப்படி உடைத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பம்பாயில் வசிக்கிற நாம் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். ஆனால் அந்தப் பாக்கியத்தை அனுபவிக்கிறோமா என்பது வேறு கேள்வி. பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாகத் தமிழ் நாடகத்துக்குப் ‘பார்சி மெட்டை’க் கொடுத்தனுப்பிய ஊர் இது. மராத்திச் சங்கீத நாடகமோ நமக்கு அதைவிட நெருங்கிய பந்து. தஞ்சையை ஆண்ட ஷாஹாஜி மன்னர் (ஆட்சி 1684–1712) மராத்தியில் ‘லக்ஷ்மீ நாராயண கல்யாணம்’ முதலிய நாடகங்களை இயற்றினார். அந்த மரபின் ஏடுகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் கிடக்கின்றன. மகாராஷ்டிரத்தில் விஷ்ணுதாஸ் பாவே சாங்க்லியில் ‘சீதா சுயம்வர’த்தை அரங்கேற்றியதோ 1843-இல்தான். 1880-இல் கிர்லோஸ்கரின் ‘சாகுந்தலம்’ புனேயில் மேடையேறியதிலிருந்து அங்கே சங்கீத நாடகத்தின் பொற்காலம் தொடங்குகிறது.

அப்பொற்காலத்தின் நடுவில் நிற்கிறவர், ஸ்திரீ வேஷத்தில் பாடிப் புகழ்பெற்ற பாலகந்தர்வர் (1888–1967). அவருக்குக் கிடைத்த ‘ஒன்ஸ்மோர்’களுக்குக் கணக்கில்லை. ஆனால் நம்முடைய விசாரணைக்கு உரியவர் அவருடன் கூட்டுச் சேர்ந்து 1913-இல் கந்தர்வ நாடக மண்டலியை நிறுவிய கணபத்ராவ் போடஸ். ‘மானாபமான்’ நாடகத்தில் (1911) பணத்தைத் தவிர வேறொன்றுமில்லாத கோழை லக்ஷ்மீதரனாகவும், மோலியேரின் பழைய பிரஹசனத்திலிருந்து ஆங்கிலம் வழியாக கோவிந்த பல்லாள் தேவல் மராத்திக்குக் கொண்டுவந்த ‘சம்சயகல்லோள’த்தில் (1916) மனைவியைச் சந்தேகித்தே மாளுகிற பால்குணராவாகவும் வந்து, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்படி செய்தவர் அவர். மூன்றே ஆண்டுகளுக்குப் பிறகு, ராம் கணேஷ் கட்கரியின் ‘ஏகச் ப்யாலா’வில், ஒரே ஒரு கிண்ணம் என்று தொடங்கிக் குடும்பத்தையே குடித்து அழிக்கிற சுதாகரனாக அவர் நின்றார். அவன் மனைவி சிந்துவாகப் பாலகந்தர்வர் பாடினார். சுதாகரன் பாடவேண்டிய அவசியமே இல்லை. பாட்டுக்கென்று வந்த கூட்டம், பாடாத ஒரு ஹாஸ்ய நடிகரைப் பார்த்து நடுங்கியது. சங்கீத நாடகத்தின் கனம் சங்கீதத்தால் மட்டுமே ஆனதன்று என்பதை அந்தத் துணிச்சல் ருசுப்படுத்திற்று.

நம் காலத்துக்கு வந்தால் மராத்தி ஹாஸ்ய நடிகர் பிரசாந்த் தாம்லே. பம்பாயின் பஸ் நிறுவனமான பெஸ்ட்டில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேடைக்கு வந்து, ‘மோருச்சி மாவ்ஷி’ போன்ற முழுச் சிரிப்பு நாடகங்களில் வளர்ந்தவர். ‘ஏகா லக்நாசீ கோஷ்ட’ நாடகத்தில், சுகம் என்றால் உண்மையில் என்னவென்று ஒரு குடும்பஸ்தன் கேட்கிற பாட்டை அவர் மேடையிலேயே பாடினார். அதற்காகவே மறுபடி மறுபடி டிக்கெட் வாங்கியவர்கள் இந்நகரத்தில் ஏராளம். போடஸ் கட்டிய அதே பால்குணராவ் வேஷத்தைப் பிற்பாடு இவரும் கட்டினார்; எதிரே அஸ்வின் சேட்டாக நின்றவர் சாஸ்திரிய சங்கீதத்தில் தேர்ந்த ராகுல் தேஷ்பாண்டே. 2022 நவம்பரில் தாம்லேயின் 12,500-ஆவது மேடையேற்றம் எங்கே நடந்தது தெரியுமோ? கர்நாடக சங்கீதத்துக்காக 1952-இல் தென்னிந்தியர்கள் தொடங்கிய சபையின், 1963-இல் திறக்கப்பட்டு, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டெழுந்த நம் மாட்டுங்கா ஷண்முகானந்தா மண்டபத்தில்தான்.

மான்குர்த், சீட்டா கேம்ப், செம்பூர்ப் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்கள் அந்த மண்டபத்துக்குக் கச்சேரி கேட்கப் போகிறார்கள். சென்னையிலிருந்து சபா நாடகக் குழு வந்தால் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸுக்கும் போகிறார்கள். சென்னை சபா நாடகத்தில் துணுக்குக்குத் துணுக்கு சிரிப்பு உண்டு; பாட்டு மட்டும் கிடையாது. ‘சர்வர் சுந்தரம்’ மேடையில் நாகேஷ் பிரதான வேஷத்தில் நின்று அழவைத்த காலத்திலேயே பாட்டு சினிமாவுக்குக் குடிபோய்விட்டிருந்தது. திரையில் தம் பாட்டைத் தாமே பாடி ஆடிய ஹாஸ்ய நடிகர் சந்திரபாபுவுக்கும், அதற்கு ஈடான சங்கீத நாடகமொன்றை எழுதிக்கொடுக்கத் தமிழ் மேடையில் ஆள் இல்லை. இன்றைய தமிழ் ஹாஸ்ய நடிகர் எவருக்கேனும் நல்ல சாரீரம் இருந்தாலும், அதைக் காட்டுவதற்கு மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத் திடலைத் தவிர மேடை ஏது? மராத்தியிலோ அந்த மேடை இன்னும் இருக்கிறது. மான்குர்த் ஸ்டேஷனில் வண்டி ஏறினால், கழிமுகப் பாலத்தைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வாஷி. அங்கே விஷ்ணுதாஸ் பாவேயின் பெயரிலேயே நாட்டியகிருகம் என்ற நாடக அரங்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு பாஷை ஒரு தடையே அன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு மட்டும் சற்று முன்னதாகவே டிக்கெட் வாங்கிவிட வேண்டும்.