கேத்தி ஸ்டேஷனில் நிற்பவன் யார்?

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் நீங்கள் அழுதிருப்பீர்கள். யாருக்காக அழுதீர்கள் என்பதுதான் கேள்வி.

சீனுவுக்காக. வேறு யாருக்கு? மழையில் நொண்டிக்கொண்டே வந்து, தலையில் பானையை வைத்து, குரங்காட்டம் ஆடி, 'என்னைத் தெரியலையா?' என்று தவிக்கிற கமலைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. 1982-ல் வந்த படம். கமலுக்குச் சிறந்த நடிகர், பாலுமகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என இரண்டு தேசிய விருதுகள். அதிலெல்லாம் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் இப்போது பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. கார் விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பாக்யலட்சுமியைக் கடத்தி விற்றுவிடுகிறார்கள். அந்த நரகத்திலிருந்து அவளை மீட்டுக் கேத்திக்குக் கூட்டி வருகிறான் சீனு. நல்ல மனசுதான். சரி, அவள் யார் வீட்டுப் பெண் என்று தேடினானா? போலீசுக்குப் போனானா? பேப்பரில் ஒரு விளம்பரம்? ம்ஹூம். விளம்பரம் கொடுப்பது அவளைப் பெற்ற அப்பா. துப்புக் கொடுப்பது ரயிலில் கூட வந்த ஒரு பயணி. பார்க்கிற நமக்கோ அந்த அப்பா வருவதே பிடிக்கவில்லை!

அதுதான் பாலுமகேந்திராவின் கெட்டிக்காரத்தனம். நீலகிரியின் பனி, சுப்ரமணி என்கிற நாய்க்குட்டி, இளையராஜா... எல்லாவற்றையும் காட்டி அந்த வீட்டுக்குள் நம்மையும் குடிவைத்துவிடுகிறார். அப்புறம் யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்று நாமும் பயப்பட ஆரம்பிக்கிறோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளை வைத்தியரிடம் கூட்டிப் போகிறவனும் சீனுதான். குணமானால் அவள் தன் வீட்டுக்குத்தானே போவாள்? தேடாதவன் செய்த பெரிய காரியம் அது. அதற்காகவே அவனை மன்னிக்கலாம்.

படத்தை ஒரு விஷயத்தில் மன்னிக்க முடியவில்லை. ஹெட்மாஸ்டரின் இளம் மனைவியாக வரும் சில்க் ஸ்மிதா. முன்பின் தெரியாத பெண்ணிடம் இத்தனை கருணை காட்டும் படம், இவள் யார், இவள் தனிமை என்ன என்று கேட்கவே இல்லை. ஒரு கனவுப் பாட்டோடு கணக்கை முடித்துவிடுகிறது.

மறுபடி அந்த ரயிலடிக்கு வாருங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன். அவள் யார் என்பது தெரிந்துவிட்டது. பெயர், அப்பா, அம்மா எல்லாம் கிடைத்தாயிற்று. இப்போது அடையாளம் இல்லாதவன் சீனு. பார்த்துக்கொண்டவன் நல்லவன் என்று வைத்தியர் சொல்ல, அப்பா புகாரையும் வாபஸ் வாங்கிவிட்டார். ஆனால் அவனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் போவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் ப்ளாட்பாரத்தில் பைத்தியக்காரனாகத் தெரிந்திருக்க மாட்டான்.

அவன் அவளுடைய வீட்டைத் தேடவில்லை. அவர்கள் அவனைத் தேடவில்லை. ரயில் போய்விடுகிறது. அடுத்த தடவை டிவியில் போட்டால் சீனுவுக்காக அழுங்கள், தப்பில்லை. கூடவே, பெண்ணைத் தொலைத்துவிட்டு அத்தனை நாள் அலைந்த அந்த அப்பாவையும் கொஞ்சம் பாருங்கள்.