யாருக்கு வலிச்சிச்சு?

போன தீபாவளிக்கு பீடோங்கில் பாட்டி வீட்டில் எல்லாரும் ஒரு ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். கைரோபிராக்டர் ஒருவர் கழுத்தைத் திருப்புகிறார். 'மடக்' என்று சத்தம். பின்னணியில் வடிவேலுவின் அலறல். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "யாருக்குடா வலிச்சிச்சு?" என்று கேட்டார்.

இந்த நகைச்சுவைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. கார்ட்டூனில் நோயாளி கூனிக்கொண்டு உள்ளே போவார், முடிச்சுப் போட்ட கயிறாக வெளியே வருவார். 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' (2003–2015) தொடரில் ஆலன் ஹார்ப்பர் ஒரு கைரோபிராக்டர். அங்கே கேலி, அவர் 'உண்மையான டாக்டர்' இல்லை என்பதில். நம் ஊர்ச் சுளுக்கு ஜோக்கில் பட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை, அலறல்தான் சரக்கு.

ஆனால் அதே உடலறிவு 'இந்தியன்' (1996) படத்தில் வர்மமாக வந்தால் விசில் அடிக்கிறோம். சேனாபதியின் விரல் ஆளை முடக்கினால் வீரம். வர்ம ஆசான்கள் வைத்தியமும் பார்ப்பவர்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நீவிவிடுகிற கைக்கு நாம் கொடுப்பது கோமாளி வேஷம்தான்.

இந்தச் சிரிப்பு இரண்டு விஷயங்களை மறைக்கிறது. முதலாவது, உழைப்பு. ஜோக்கில் வருகிற முதுகுக்கு வேலையே கிடையாது. பாட்டி காண்டா வாளியில் பால் சுமந்தவர். தோட்டத்தில் சுளுக்கு என்பது பிழைப்போடு வந்தது. கால் முன்னால் வரப் பிறந்தவரைத் தேடிப்போய் மிதிக்கச் சொன்னதும் அதனால்தான்.

இரண்டாவது, ஆபத்து. அந்தச் சத்தம் எலும்பு 'இடத்துக்கு வந்த' சத்தம் இல்லை. மூட்டு விலகும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குழி உருவாவதை 2015இல் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்தார்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவது, அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாயைக் கிழிக்கலாம். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்துக்குள் கைரோபிராக்டிக்கும் வருகிறது. ஆனால் நம் கைப்பேசியில் யார் பதிவு பெற்றவர், யார் சும்மா திருப்புகிறவர் என்று எந்த ஜோக்கும் கேட்பதில்லை.

கைரோபிராக்டரைக் கேலி செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்தத்தைச் சிகிச்சையாக விற்பவரைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் படுத்திருப்பவரின் வலியை மட்டும் வைத்துச் சிரிக்க வைப்பது சோம்பேறித்தனமான எழுத்து. பாட்டியின் கேள்விக்கு அன்று எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ரீல்ஸுக்குப் போய்விட்டோம்.