தோன்றா எழுவாய்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மக்ரோனிதான். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டிதட்டாமல் கிளறி, துருவிய சீஸைக் கரைத்து, முக்கால் பதம் வெந்த மக்ரோனியை அதில் புரட்டி ஓவனில் வைத்தால் இருபது நிமிடத்தில் மேல்பக்கம் பொன்னிறமாக முறுகிவிடும். மகளுக்கு அந்த முறுகல் வேண்டும். வாரம் முழுக்க விடைத்தாள் திருத்திய எனக்கு அடியில் இருக்கும் குழைவு போதும்.

அமெரிக்கர்கள் இதை ஆறுதல் தரும் உணவு என்கிறார்கள். அம்மாவின் கைப்பக்குவம் என்று உருகுகிறார்கள். எந்த அம்மா என்பதுதான் என் கேள்வி.

இந்த உணவுக்கு அமெரிக்காவில் அச்சான பழைய குறிப்புகளில் ஒன்று, மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட ‘தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்’ நூலில் இருக்கிறது. மிகச் சிறிய பனுவல். உங்கள் பாத்திரம் நிறையும் அளவு மக்ரோனியைப் பாலும் தண்ணீரும் கலந்து வேகவைத்து வடிகட்டச் சொல்கிறார். உப்பு தூவி, சீஸும் வெண்ணெயுமாக அடுக்கிச் சுடச் சொல்கிறார். அவ்வளவுதான்.

இலக்கணம் நடத்துகிறவளுக்கு வினைமுற்றைக் கண்டால் எழுவாயைத் தேடும் பழக்கம் போகாது. ஏவல் வினைக்கு எழுவாய் முன்னிலை. சொல்லாவிட்டாலும் அங்கே இருக்கும். தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்கிறோம். ராண்டால்ஃபின் குறிப்பில் பாத்திரத்துக்குச் சொந்தக்காரியான ‘நீங்கள்’ ஒருத்தி. அடுப்பின் முன் நின்று வேகவைக்கிற ‘நீ’ இன்னொருத்தி. வாக்கியம் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. அன்றைய வர்ஜீனியாவின் வசதியான வீடுகளில் சமையலறையில் நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். நூலின் முன்னுரையில் ராண்டால்ஃப் குடும்ப நிர்வாகத்தை நாட்டின் ஆட்சியோடு ஒப்பிடுகிறார். ஆட்சி என்றால் ஆளப்படுகிறவர்கள் இருந்தாக வேண்டுமே.

அவரை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. கணவரின் வருமானம் சரிந்தபின் ரிச்மண்டில் விருந்தினர் விடுதி நடத்திப் பிழைத்த பெண் அவர். பெண் எழுத்தின் வரலாற்றில் அந்த நூலுக்கு இடமுண்டு. அந்த இடம் யாருடைய உழைப்பின் மேல் கிடைத்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

ராண்டால்ஃபின் சகோதரர் மணந்தது தாமஸ் ஜெஃபர்சனின் மகளை. அந்த ஜெஃபர்சன் வீட்டில் சமைத்தவர் ஈடித் ஃபாசெட். பதினைந்து வயதில், 1802இல், அதிபர் மாளிகைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே பிரெஞ்சுச் சமையற்காரரிடம் தொழில் கற்றார். கூலி கிடையாது; மாதம் 2 டாலர் அன்பளிப்பு. அங்கேயே பிள்ளை பெற்றார். கணவர் ஜோசப் ஊரில், மான்டிசெல்லோவில். 1806இல் ஜோசப் அனுமதியில்லாமல் வாஷிங்டனுக்குப் போய்ப் பிடிபட்டார். பிறகு ஊர் திரும்பிய ஈடித், ஜெஃபர்சன் 1826இல் இறக்கும்வரை மான்டிசெல்லோவின் தலைமைச் சமையற்காரர். ராண்டால்ஃபின் நூல் வந்த அதே 1824இல் அங்கே விருந்துண்ட டேனியல் வெப்ஸ்டர், சாப்பாடு பாதி வர்ஜீனியா பாணி, பாதி பிரெஞ்சுப் பாணி என்று ரசித்து எழுதினார். பாணிக்குப் பெயர் இருந்தது. சமைத்தவருக்கு அந்த வரியில் பெயர் இல்லை. 1827இல் ஈடித் பிள்ளைகளோடு ஏலத்தில் விற்கப்பட்டார். விடுதலை பெற்ற ஜோசப் உறவினர் உதவியால் அவரையும் சில பிள்ளைகளையும் மீட்டார்.

மான்டிசெல்லோவின் முந்தைய சமையற்காரர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், 1796இல் விடுதலையாகிப் போகும்முன், சமையலறைப் பாத்திரங்களைத் தன் கையால் பட்டியலிட்டுத் தந்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. பாத்திரம் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்ச் சமையல் குறிப்புகள் இன்னும் சாமர்த்தியமானவை. ‘வேகவை’ என்று அவை ஏவுவதில்லை. ‘வேகவைக்கவும்’, ‘தாளிக்கவும்’ என்று மரியாதையாக எழுதுகின்றன. வியங்கோளின் சாயல். எவரை நோக்கியும் சொல்லலாம். எவரையும் சொல்லவில்லை என்றும் சாதிக்கலாம். எங்கள் கல்லூரி மகளிர் தின மலருக்கு மக்ரோனிக் குறிப்பை நானேதான் எழுதிக்கொடுத்தேன். கடைசி வரி ‘சூடாகப் பரிமாறவும்’. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எழுதத் தோன்றவில்லை.

நடப்பது இது: சீஸ் தீய்ந்து ஒட்டிய கண்ணாடித் தட்டு இரவு முழுக்கத் தொட்டியில் கிடக்கும். திங்கள் காலை வேலைக்கு வரும் அக்கா அதைக் கம்பி நாரால் தேய்ப்பார். எட்டு வருடமாகத் தேய்க்கிறார். ஒருநாளும் அவருக்கு அதில் ஒரு கரண்டி எடுத்துவைத்ததில்லை. மிச்சமாகாததால் அல்ல, தோன்றாததால். போன வாரம், நான் இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து குரல் வந்தது: “என்ன டீச்சரம்மா, தண்ணி ஊத்தி ஊறவெச்சாவது போட்டிருக்கலாம்ல?”