புதிய எண் தேவைப்படாத முகவரி

சென்னையில் வீட்டு முகவரி எழுதினால் பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுகிறோம். போட்ட எண்ணை மாற்றுவது எவ்வளவு பாடு என்பதற்கு நம் தெருக்களே சாட்சி. அதனால்தான் முதலிலேயே யோசித்துப் போட்ட ஐபி முகவரித் திட்டத்தைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என மூன்று கிளைகள் உள்ள ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள் நெட்வொர்க்குகளுக்கென 1996-இல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் ஒதுக்கிய வரிசைகளில் ஒன்று 10-இல் தொடங்குகிறது. அதில் மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். மயிலாப்பூருக்கு 10.1, தி.நகருக்கு 10.2, அடையாறுக்கு 10.3 என்று பிரித்துக்கொள்ளலாம். மூன்றாம் இடத்தில் 99 வந்தால் கருவிகளின் நிர்வாகத்துக்கு மட்டும். கடைசி எண் 1 என்றால் ரவுட்டர். 11 முதல் சுவிட்சுகள். 31 முதல் வைஃபை பெட்டிகள். 10.3.99.12 என்றதுமே அடையாறு, இரண்டாவது சுவிட்ச் என்று சொல்லிவிடலாம்!

இடையில் விட்ட காலி எண்கள் நாளை வரும் கருவிகளுக்கு. நிர்வாக வரிசையைத் தனி விலானில் (VLAN, அதாவது பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) வைத்து ஃபயர்வால் காவல் போட்டால், வாடிக்கையாளரின் கைபேசி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. முகவரி நிலையாக இருப்பதால், எங்கோ உட்கார்ந்து பழுது பார்ப்பவர் கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கருவி வாங்கும் முன்பே இந்த அட்டவணையை எழுதிவிடுங்கள். நல்ல நெட்வொர்க் தாளில்தான் தொடங்குகிறது.