எண்ணப்படுவது யாருடைய உடல்?

அமெரிக்காவின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் இனப்பெருக்க நலத்தை ஆராய்பவர் ஷான்னா ஸ்வான். 1973 முதல் 2011 வரை 42,935 ஆண்களிடம் நடந்த 185 ஆய்வுகளை அவரும் ஹகாய் லெவினும் மற்றவர்களும் தொகுத்து, 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் ஆண்களின் விந்தணு அடர்த்தி 52.4 விழுக்காடு குறைந்துவிட்டது என்பதே அது. அதன் தொடர்ச்சியாக 2021இல் வந்த அவருடைய ‘கவுண்ட் டவுன்’ நூலைப் பழவேற்காட்டு ஏரியின் கரையில் நின்று வாசித்தால் என்ன தெரிகிறது?

முதலில் ஸ்வானுக்கு நாம் பட்டிருக்கும் கடன். பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் தாலேட்டுகள் ஹார்மோன்களின் வேலையைக் குலைப்பவை. கருவுற்ற பெண்களின் சிறுநீரில் சில தாலேட்டுகள் கூடுதலாக இருந்தால், பிறக்கும் ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு வளர்ச்சியில் அளவிடத்தக்க மாற்றம் தெரிகிறது என்று 2005லேயே அவர் காட்டினார். மிகச் சிறிய அளவும், கருவின் குறிப்பிட்ட வாரங்களில், வாழ்நாள் முழுவதற்குமான தடத்தை விடக்கூடும் என்ற அறிவுக்கு இந்த ஆய்வு வலுச்சேர்த்தது. இன்னொன்றும் உண்டு. பிள்ளை இல்லையென்றால் ‘மலடி’ என்று பெண்ணை மட்டுமே சுட்டிய சமூகம் நம்முடையது. ஆணுடலையும் சோதனைக்குக் கொண்டுவந்த எந்த ஆய்வும் நமக்கு ஆறுதல்தான்.

ஆனால் நூலின் அளவுகோல் விந்தணு. பெண்களின் கருமுட்டை, மாதவிடாய், கருச்சிதைவு பற்றியும் ஸ்வான் எழுதுகிறார். இருந்தும் மனிதகுலத்தின் எதிர்காலம் என்ற பெரிய அச்சம் விந்தணுவின் எண்ணிக்கையில்தான் தொங்குகிறது. 2017 ஆய்வு நாடுகளை ‘மேற்கத்திய’, ‘பிற’ என்று பிரித்ததை ஹார்வர்டின் ஜெண்டர்சை ஆய்வகத்தைச் சேர்ந்த பெண்ணியவாதிகள் 2021இல் கேள்விக்குட்படுத்தினார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலும் வீழ்ச்சி இருப்பதாக ஸ்வான் குழுவினர் 2022இல் சேர்த்துச் சொன்னார்கள். எண்ணிக்கைக்குள் நாமும் வந்துவிட்டோம். அளவுகோல் மட்டும் மாறவில்லை.

தீர்வுக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறு, இயற்கை வேளாண் உணவை வாங்கு, வாசனைப் பொருட்களைத் தவிர். சட்டம் மாறவேண்டும் என்றும் நூல் சொல்கிறது. ஆனால் வாசகியின் கையில் உடனே வந்து சேர்வது இந்தப் பட்டியல்தான். பெண் இங்கே இரண்டு வேலைக்கு அமர்த்தப்படுகிறாள்: ஒன்று, கருவைச் சுமக்கும் கலம், மற்றது, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் காவலாளி.

பழவேற்காட்டுப் பகுதியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இந்தப் பட்டியலால் என்ன பயன்? பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, மார்பளவு தண்ணீரில், சேற்றைத் துழாவுகிறார்கள். அவர்களுக்கு நஞ்சு கடையில் வாங்கும் பொருளாக வருவதில்லை. வேலை செய்யும் தண்ணீராகவே வருகிறது. தெற்கே எண்ணூர்க் கழிமுகம். அதையும் ஏரியையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. அந்தப் பக்கம்தான் மணலியின் பெட்ரோலிய ஆலைகளும் எண்ணூரின் அனல்மின் நிலையங்களும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. பெட்ரோலிய எண்ணெயில் ஹார்மோன் செயல்பாட்டைக் குலைக்கும் சேர்மங்களும் உண்டு. அரசு அறிவித்த நிவாரணத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய். சேதமடைந்த படகுக்கு 10,000 ரூபாய். படகில்லாமல் தன் உடலையே தண்ணீரில் இறக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் தனி வரி இல்லை. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைக்கும் ‘பாடு’ வழக்கமும் ஆண்களுக்கிடையிலான ஏற்பாடுதான். படகையும் ஆணையும் விந்தணுவையும் எண்ணுகிறவர்கள் அவளை எண்ணுவதில்லை.

இந்த அறிவியல் பிறந்ததே ஏரிக்கரையில்தான் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பேரேரிகளின் மீன்தின்னிப் பறவைகளில் கண்ட கேடுகளிலிருந்து தொடங்கியவர் தியோ கோல்பார்ன். 1991இல் மிச்சிகன் ஏரிக்கரை மாநிலமான விஸ்கான்சினில் அவர் கூட்டிய கூட்டத்தில்தான் ‘எண்டோகிரைன் டிஸ்ரப்டர்’ என்ற சொல்லே உருவானது. மிச்சிகன் ஏரி மீனை உண்ட தாய்மாரின் பிள்ளைகளை ஜேக்கப்சன் தம்பதியர் 11 வயதுவரை தொடர்ந்தனர். கருவில் பிசிபி என்ற வேதிப்பொருளுக்கு அதிகம் ஆட்பட்டவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்ததாக 1996இல் எழுதினர். அங்கும் கருவுற்ற பெண்களுக்கு ‘இந்த மீனைத் தின்னாதே’ என்று எச்சரிக்கை போனது.

பழவேற்காட்டில் அந்த எச்சரிக்கை எங்கே விழும்? மீன்தான் அவள் சோறு, அவள் கூலி. ஏரி மீனில் நஞ்சு என்ற செய்தி பரவிய மறுநாள் ஆலை ஓடும். அவள் அன்னக்கூடைதான் விற்காமல் திரும்பும். ஆகவே ஆய்வே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அறியாமையும் அவளைத்தான் கொல்லும்.

வேண்டியது வேறு வகை ஆய்வு. தண்ணீரில் நிற்கும் பெண்ணின் மாதவிடாயும் தைராய்டும் கருச்சிதைவும், அவள் பெறப்போகும் பிள்ளைக்காக அல்லாமல், அவளுக்காகவே கணக்கில் வரவேண்டும். முடிவுகள் முதலில் அவளிடம் அவள் மொழியில் சொல்லப்படவேண்டும். விற்காத மீனின் நட்டத்தை நஞ்சைக் கலந்தவர் ஏற்கவேண்டும். ஸ்வானின் ஆய்வு முறை இதற்கெல்லாம் உதவும். அவர் நூல் எழுப்பும் பீதி உதவாது.