இரண்டடித் தொட்டிக்கு ஏற்ற மீன்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் முதலில் கண்ணை இழுப்பது கோல்டு ஃபிஷ்தான். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது இரண்டடித் தொட்டி அதற்குப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அது அரை அடியைத் தாண்டி வளரும்; கழிவும் அதிகம். பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் போகும். ஆஸ்கரும் அப்படியே. 55 லிட்டர் தண்ணீரில் இவற்றை அடைப்பது பாவம்.

என் தேர்வு செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கில், மர நிழல் விழும் ஓடைகளில் பிறந்த மீன் அது; முழுதாக வளர்ந்தாலும் இரண்டு அங்குலம்தான். ஏழெட்டு மீன்களாக விட வேண்டும், பெண் மீன் கூடுதலாக இருக்கட்டும். கடைத் தொட்டியில் வெளிறித்தான் கிடக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கருமணல் பரப்பி, செடி நட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். சில வாரங்களில் ஆண் மீன் பழுத்த மிளகாயாகச் சிவந்து, துடுப்பை விரித்துக்கொண்டு பெண்ணைச் சுற்றிவரும். தலை முதல் வால் வரை ஓடும் கருங்கோடு அந்தச் சிவப்பை இன்னும் எடுப்பாக்கும். எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது.

மேல்மட்டத்துக்கு ஒரு ஜோடி ஹனி குராமி போதும். அடிக்கடி மேலே வந்து காற்றை உறிஞ்சிப் போகும்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அந்தத் தீனி அழுகி உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியேற ஒரு மாதமாவது ஆகும்.